கயிற்றில் கட்டிய ரேடார் பலூன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வான் பாதுகாப்பு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ரேடார் பலூன்களைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்பவர்களில் பாதிப் பேர் இதைப் பழைய காலத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறார்கள். மீதிப் பேர் எல்லாவற்றையும் பார்த்துவிடும் மந்திரக் கண் என்று நம்புகிறார்கள். இரண்டும் சரியில்லை என்பதால், கேள்விகளை வந்த வடிவிலேயே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

1. ரேடார் பலூன்னா என்ன? 2023ல அமெரிக்கா சுட்டு வீழ்த்தின சீன பலூன் மாதிரியா?

இல்லை. 2023 பிப்ரவரி 4 அன்று தென் கரோலினா கடற்கரைக்கு அப்பால் எஃப்-22 போர் விமானம் வீழ்த்திய சீன பலூன், எந்தக் கட்டும் இல்லாமல் காற்றோடு மிதந்து வந்தது. ஏறத்தாழ 18 கி.மீ. உயரத்தில் இருந்தது. இங்கே நாம் பேசுவது தரையோடு ஒரு வடத்தால் கட்டப்பட்ட பலூனைப் பற்றி. இதை ஏரோஸ்டாட் என்பார்கள். சிறியவை சில நூறு மீட்டர் உயரத்தில் நிற்கும், பெரியவை 3,000 முதல் 4,500 மீட்டர் வரை போகும். உடல் மீன் வடிவம், பின்னால் காற்று நிரப்பிய வால் துடுப்புகள், அடிவயிற்றில் ஒரு கூடு, அதற்குள் ரேடார்.

கட்டிய பலூன் போருக்குப் புதிதல்ல. 1794ல் ஃப்ளூரஸ் போரிலேயே பிரெஞ்சுப் படை பலூனில் ஆளை ஏற்றி எதிரியின் நகர்வைப் பார்த்தது. முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொன்னார்கள். இரண்டாம் உலகப் போரில் லண்டனுக்கு மேலே நிறுத்திய தடுப்புப் பலூன்களுக்கு வேறு வேலை: தாழப் பறந்து வரும் விமானம் வடத்தில் மாட்ட வேண்டும், அல்லது பயந்து மேலே ஏற வேண்டும். மனிதக் கண்ணின் இடத்துக்கு ரேடார் வந்ததுதான் இப்போதைய பலூன்களின் புதுமை.

2. ரேடாரை எதுக்குப் பலூன்ல தூக்கணும்? தரையிலயே வெச்சா ஆகாதா?

பூமி உருண்டை என்பதுதான் காரணம். ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்து கீழே இறங்குகிறது. அந்த வளைவுக்குக் கீழே தாழப் பறக்கும் எதையும் தரை ரேடாரால் பார்க்க முடியாது. அதன் சக்தி எவ்வளவு இருந்தாலும் இதில் மாற்றமில்லை. குரூஸ் ஏவுகணையை வடிவமைப்பவர்கள் அதைத் தாழப் பறக்க வைப்பதே இந்த மறைவுக்காகத்தான்.

ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ரேடாரின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தைக் காணுங்கள். இலக்கின் உயரத்துக்கும் அதையே செய்யுங்கள். இரண்டையும் கூட்டி 4.12ஆல் பெருக்கினால், ரேடாருக்கு அந்த இலக்கு எத்தனை கிலோமீட்டரில் தென்படத் தொடங்கும் என்று கிடைக்கும். ரேடார் 20 மீட்டர் கம்பத்தில், ஏவுகணை 50 மீட்டர் உயரத்தில் என்றால் ஏறத்தாழ 47 கி.மீ. அதே ரேடாரை 3,000 மீட்டருக்குத் தூக்கினால் 255 கி.மீ.

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வரும் ஏவுகணைக்கு 47 கி.மீ. என்பது மூன்று நிமிடம். அதற்குள் கண்டுபிடித்து, நம் விமானமா எதிரியுடையதா என்று தெளிந்து, முடிவெடுத்து, எதிர் ஏவுகணையை அனுப்பி, அது போய்ச் சேரவும் வேண்டும். 255 கி.மீ. என்றால் கையில் 17 நிமிடம். பலூனுக்காகச் செலவிடும் பணமெல்லாம் இந்தப் பதினான்கு நிமிட வித்தியாசத்துக்காகத்தான். 2019 செப்டம்பர் 14 அன்று சவுதி அரேபியாவின் அப்கைக், குரைஸ் எண்ணெய் நிலையங்களைத் தாக்கிய ட்ரோன்களும் குரூஸ் ஏவுகணைகளும் தாழப் பறந்தே வந்தன. வசதி நிறைந்த வான் பாதுகாப்பு வைத்திருக்கும் நாட்டுக்கே அது நடந்தது.

3. அப்போ மலை உச்சியில ரேடார் வெச்சுடலாமே?

மலை இருக்கும் இடத்தில் வைக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் காக்க வேண்டிய கடற்கரைக்கோ பாலைவன எல்லைக்கோ பக்கத்தில் 3,000 மீட்டர் மலை இருப்பது அபூர்வம். இருந்தாலும் பக்கத்துச் சிகரங்களின் மறைவில் பள்ளத்தாக்குகள் ஒளிந்துகொள்ளும். பலூனை நமக்கு வேண்டிய சமவெளியில் ஏற்றிக்கொள்ளலாம்.

4. அவாக்ஸ் விமானம் இருக்கு, செயற்கைக்கோள் இருக்கு. இன்னும் பலூன் எதுக்கு?

அவாக்ஸ் போன்ற ரேடார் விமானம் பலூனைவிடப் பல வகையில் மேல். இன்னும் உயரமாகப் பறக்கும், வேண்டிய இடத்துக்குப் போகும், ஆபத்து வந்தால் விலகிவிடும். அதன் குறை, நிற்க முடியாதது. சில மணி நேரத்தில் எரிபொருள் தீரும், ஆட்கள் களைத்துப்போவார்கள், எஞ்சினைப் பராமரிக்க வேண்டும். ஒரே இடத்துக்கு மேல் நாள் முழுக்க ஒரு விமானம் இருக்க வேண்டுமானால், மாற்றி மாற்றி அனுப்பப் பல விமானங்கள் தேவை. பெரிய ஏரோஸ்டாட் ஒரு முறை ஏறினால் வாரக்கணக்கில் மேலேயே நிற்கும். அமெரிக்காவின் ஜேலென்ஸ் பலூன் 30 நாள் தொடர்ந்து நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து வேலை செய்வதுதான் நல்லது என்பது என் கருத்து: அன்றாடக் காவலுக்குப் பலூன், நெருக்கடி வரும்போது விமானம்.

செயற்கைக்கோளின் சிக்கல் வேறு. தாழ்ந்த சுற்றுப்பாதையில் இருப்பது சில நிமிடங்களில் தலைக்கு மேலே கடந்து போய்விடும். ஒரே இடத்துக்கு மேலே நிற்பது 36,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது. தூரம் இரட்டிப்பானால் ரேடாருக்குத் திரும்பி வரும் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். அவ்வளவு தொலைவிலிருந்து ஒரு சிறு ஏவுகணையைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று இதிலிருந்தே தெரியும்.

5. ஒரு டன் ரேடாரை வெறும் வாயு எப்படித் தூக்குது?

தரைமட்டத்தில் ஒரு கன மீட்டர் ஹீலியம் சுமார் ஒரு கிலோவைத் தூக்கும். அதனால்தான் இவை இவ்வளவு பெரிதாக இருக்கின்றன. அமெரிக்காவின் தென் எல்லையில் நிற்கும் டார்ஸ் பலூன்களில் பெரிய வகை ஏறத்தாழ 63 மீட்டர் நீளம், சுமார் 12,000 கன மீட்டர் கொள்ளளவு. கணக்குப்படி 12 டன் தூக்க வேண்டும். ஆனால் 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் 63 சதவீதம்தான், ஆகவே தூக்கும் திறனும் அதே அளவு குறைகிறது. மிஞ்சும் ஏழரை டன்னில் பலூனின் சொந்த எடை, துடுப்புகள், கிலோமீட்டர் கணக்கில் தொங்கும் வடம் எல்லாம் போக, கருவிகளுக்கு ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டி மிச்சமாகிறது. பட்டம் மாதிரி, வீசும் காற்றும் உடலைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும்.

மேலே போகப் போக ஹீலியம் விரியும். அதற்கு இடம் கொடுக்க உள்ளே தனியாக ஒரு காற்றுப்பை இருக்கிறது. ஏறும்போது அந்தக் காற்று வெளியேறும், இறங்கும்போது ஊதுவிசிறிகள் மறுபடி நிரப்பும். பலூனின் வடிவம் குலையாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான். பத்தாம் கேள்விக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. அந்தக் கயிறு சாதாரணக் கயிறுதானா?

அதைக் கயிறு என்று சொல்வது பழக்கத்தால்தான். நடுவில் மின்சாரம் கொண்டுபோகும் செப்புக் கம்பிகளும் தகவல் இறக்கும் கண்ணாடி இழைகளும் இருக்கும். அதைச் சுற்றி இழுவையைத் தாங்க கெவ்லார் அல்லது வெக்ட்ரான் இழை, அதற்கும் வெளியே உறை, மின்னலைத் தரைக்குக் கடத்தும் உலோகப் பின்னல். பழைய டார்ஸ் பலூன்களில் மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டரையே மேலே ஏற்றியிருந்தார்கள். மின்சாரம் வடம் வழியாகவே போகத் தொடங்கிய பிறகு, எரிபொருள் தீர்ந்தது என்று இறக்க வேண்டிய அவசியம் போயிற்று.

7. ஒரு குண்டு பட்டா டமால்னு வெடிச்சிடாதா?

வெடிக்காது. ஹீலியம் எரியாத வாயு. அதோடு, உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைவிட மிகக் கொஞ்சமே அதிகம். துப்பாக்கிக் குண்டு போட்ட ஓட்டை வழியாக வாயு மெதுவாகக் கசியும். பல ஓட்டைகள் விழுந்தாலும் இறக்கி ஒட்டிவிட்டு மறுபடி ஏற்ற நேரம் இருக்கும்.

கட்டில்லாத பலூன் ஒன்றின் கதை இதை நன்றாகக் காட்டுகிறது. 1998 ஆகஸ்டில் கனடாவில் கட்டுப்பாட்டை இழந்த ஒரு ஆராய்ச்சி பலூனின் மேல் இரண்டு சிஎஃப்-18 போர் விமானங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டன. பலூன் விழவில்லை, அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்விட்டது. ஆனால் பெரிய ஏவுகணை நேராகப் பட்டாலோ, தொங்கும் ரேடாரில் பட்டாலோ கதை வேறு. அது பதின்மூன்றாம் கேள்வி.

8. காத்து மழையில என்ன பண்ணுவாங்க?

இறக்கிவிடுவார்கள். இதுதான் பலூனின் உண்மையான பலவீனம், எதிரியின் குண்டு அல்ல. கடுங்காற்று, இடி மின்னல், உடல் மேல் படியும் பனி, மூன்றும் ஆபத்து. பெரிய பலூனை வின்ச்சால் இழுத்து இறக்க நேரம் பிடிக்கும், ஆகவே புயல் வந்த பிறகு யோசிக்க முடியாது. நல்ல வானிலை ஆய்வாளர் இல்லாத ரேடார் பலூன் தளம் நெடுநாள் ஓடாது. தரையிலும் அதைக் காற்றின் திசைக்கேற்பத் திரும்பும் கம்பத்தில்தான் மூக்கைக் கட்டி நிறுத்துவார்கள்.

ஆக, ‘24 மணி நேரமும் கண்காணிப்பு’ என்று விளம்பரத்தில் வருவதை நல்ல வானிலை நாட்களுக்கான வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மோசமான வானிலையில் எதிரியும் சும்மா இருப்பான் என்று எவரும் உறுதி தர முடியாது. பலூனை மட்டும் நம்பி ஒரு நாட்டின் வானத்தைக் காக்க முடியாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

9. பலூனே ஏவுகணையைச் சுட்டு வீழ்த்துமா?

அதில் ஆயுதம் எதுவும் இல்லை. கண்டுபிடித்துச் சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. ஜேலென்ஸில் இரண்டு பலூன்கள் ஜோடியாக இருந்தது இதற்காகத்தான். ஒன்றின் ரேடார் சுற்றிலும் 360 பாகையும் தேடும். மற்றதன் ரேடார் குறிப்பிட்ட திசையைக் கூர்ந்து பார்த்து, எதிர் ஏவுகணையை வழிநடத்தும் அளவுக்குத் துல்லியமான இருப்பிடத்தைத் தரும். 2012ல் நடந்த சோதனைகளில் பேட்ரியாட், எஸ்எம்-6 ஆகிய எதிர் ஏவுகணைகள் ஜேலென்ஸ் கொடுத்த தகவலோடு இலக்கைத் தாக்கிக் காட்டின. சுடும் தளத்தின் சொந்த ரேடாருக்கு இலக்கு தெரியாதபோதும் மேலே இருக்கும் கண்ணை நம்பிச் சுடலாம் என்பது பெரிய முன்னேற்றம்.

கண் மட்டும் இருந்து கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1990 குவைத் சான்று. ஈராக்கியப் படை எல்லையைத் தாண்டி வருவதைக் குவைத்தின் ரேடார் பலூன் காட்டிக் கொடுத்தது. வந்த படையின் அளவுக்கு முன் அந்த எச்சரிக்கையால் நாட்டைக் காப்பாற்ற முடியவில்லை.

10. அமெரிக்காவுல ஒரு பலூன் அறுத்துக்கிட்டுப் போச்சாமே, அது நிஜமா?

நிஜம். 2015 அக்டோபர் 28 அன்று மேரிலாந்தின் அபர்டீன் தளத்திலிருந்து 74 மீட்டர் நீளமுள்ள ஜேலென்ஸ் பலூன் வடம் அறுந்து பறந்தது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வடத்தைத் தரையோடு இழுத்துக்கொண்டே பென்சில்வேனியாவுக்குள் போயிற்று. வழியில் மின்கம்பிகளை அறுத்ததில் ஆயிரக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின. இரண்டு எஃப்-16 விமானங்கள் பின்தொடர்ந்தன. கடைசியில் மரங்களில் சிக்கித் தரையிறங்கியது. மிச்ச வாயுவை வெளியேற்ற, காவலர்கள் அதைத் துப்பாக்கியால் சுட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

காரணம் சின்னது. காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு குழாய் பழுதானது. அதனால் வால் துடுப்புகளில் போதிய காற்று நிரம்பவில்லை (ஐந்தாம் கேள்வியில் சொன்ன ஊதுவிசிறிகளை நினைத்துக்கொள்ளுங்கள்). துடுப்பு தளர்ந்ததும் பலூன் காற்றுக்குக் குறுக்கே திரும்பியது, வடத்தின் மேல் இழுவை ஏறியது, வடம் அறுந்தது. அறுந்தால் தானாக வாயுவைத் திறந்துவிடும் கருவியும் இருந்தது. அதில் மின்கலம் பொருத்தப்படவில்லை. எனக்கு இதில் வருத்தம் தருவது அந்தக் கடைசி விவரம்தான். சுமார் 270 கோடி டாலர் செலவிட்ட திட்டத்தை ஒரு குழாயும், போடாமல் விட்ட மின்கலமும் சேர்ந்து சாய்த்துவிட்டன. அதற்குப் பின் நிதி வெட்டப்பட்டு, திட்டமே நின்றுபோனது.

11. ஜேலென்ஸுக்கு 550 கி.மீ.ன்னு போட்டிருந்தாங்க. நீங்க 255ங்கிறீங்க. யார் சொல்றது சரி?

இரண்டும் சரி. இரண்டாம் கேள்வியின் கணக்கையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். பலூன் 3,000 மீட்டரில் இருக்க, 550 கி.மீ. தூரத்தில் ஒன்று தென்பட வேண்டுமானால் அது சுமார் 6,200 மீட்டர் உயரத்திலாவது பறக்க வேண்டும். பெரிய எண் உயரப் பறக்கும் விமானத்துக்கு, சிறிய எண் தாழப் பறக்கும் ஏவுகணைக்கு. எந்த நாட்டின் ரேடார் விவரத்தைப் படித்தாலும் ‘எந்த உயரத்து இலக்குக்கு?’ என்று முதலில் கேளுங்கள். அதைச் சொல்லாத தூரம் பாதித் தகவல்தான்.

12. சின்ன ட்ரோனையும் பிடிச்சுடுமா? பாலிஸ்டிக் ஏவுகணை?

மேலிருந்து கீழே பார்க்கும் ரேடாருக்குத் தரை முழுக்கவே எதிரொலி தரும். அந்த இரைச்சலிலிருந்து இலக்கைப் பிரிக்க, நகர்வதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வடிகட்டுவார்கள். இலக்கு மெதுவாகவும் சிறிதாகவும் இருந்தால் அது பறவைக் கூட்டத்தோடும் சாலை வாகனங்களோடும் கலந்துவிடும். வடிகட்டியைத் தளர்த்தினால் திரை முழுக்கப் புள்ளிகள், இறுக்கினால் ட்ரோனும் சேர்ந்து மறையும். 2015 ஏப்ரல் 15 அன்று ஒருவர் சிறிய ஜைரோகாப்டரில் வந்து அமெரிக்க நாடாளுமன்றப் புல்வெளியில் இறங்கியபோது, ஜேலென்ஸ் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டார்கள். அன்று அது இயக்கத்திலேயே இல்லை. ஆனால் மற்ற ரேடார்களில் தெரிந்த புள்ளியையும் பறவையிலிருந்தோ வானிலைச் சலனத்திலிருந்தோ பிரித்துப் பார்க்க முடியவில்லை. சிக்கல் பலூனுக்கு மட்டும் உரியதல்ல.

பாலிஸ்டிக் ஏவுகணை மிக உயரே போய் விழுவது. வளைவின் மறைவு அதற்குக் கிடைக்காது, தரையில் உள்ள பெரிய ரேடார்களே தூரத்தில் பார்த்துவிடும். அதற்காகப் பலூன் தேவையில்லை.

13. எதிரி முதல்ல இதைத்தானே அடிப்பான்?

அடிக்க முயல்வான், அடித்தும் இருக்கிறார்கள். இஸ்ரேலின் ‘ஸ்கை ட்யூ’ உலகின் மிகப் பெரிய ஏரோஸ்டாட் அமைப்புகளில் ஒன்று. 2022ல் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2024 மே மாதம் ஹிஸ்புல்லாவின் ட்ரோன் ஒன்று கீழ் கலிலேயாவில் உள்ள அதன் தளத்தைத் தாக்கியது. தாழப் பறக்கும் பொருளைப் பிடிக்க வைத்த அமைப்பின் தளத்துக்கே தாழப் பறந்த பொருள் வந்து சேர்ந்தது. இதை நன்றாக ஆராய வேண்டும்.

பலூன் ஒளிய முடியாது. வெறும் கண்ணுக்கே வெகுதூரம் தெரியும், ரேடார் அலையும் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும், இடம் மாறுவதும் கடினம். மேலே போன பலூனைவிடத் தரையில் இருக்கும் வின்ச்சும் கட்டுப்பாட்டு அறையும் எளிய இலக்குகள். ஆகவே தளத்தைச் சுற்றி நெருங்கிய பாதுகாப்பு இல்லாமல் பலூனை ஏற்றுவதில் பொருளில்லை. அமைதிக் காலத்திலும், போரின் முதல் மணி நேரத்திலும் எச்சரிக்கை தருவதே இதன் பெரிய பயன். நீண்ட போரில் கடைசிவரை நிற்கும் என்று திட்டமிடக் கூடாது.

14. மத்த விமானங்கள் கயித்துல மோதாதா?

மோதியிருக்கின்றன. 2007 ஏப்ரலில் புளோரிடாவின் கட்ஜோ கீ தீவில் ஒரு சிறு செஸ்னா விமானம் டார்ஸ் பலூனின் வடத்தில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். 2015 அக்டோபர் 11 அன்று காபூலில் தரையிறங்க வந்த பிரிட்டிஷ் பூமா ஹெலிகாப்டர், கேமரா தாங்கிய கண்காணிப்பு பலூனின் வடத்தில் சிக்கி ஐந்து பேர் இறந்தார்கள். பலூன் கண்ணுக்குத் தெரியும், மெல்லிய வடம் தெரியாது. அதனால்தான் பலூனைச் சுற்றித் தடை வான்பகுதி அறிவிக்கிறார்கள். வரைபடத்தில் அந்த வட்டத்தைப் பார்க்கும் விமானி அதைச் சம்பிரதாயம் என்று நினைக்கக் கூடாது.

15. மேலேருந்து நம்ம வீட்டையும் பார்ப்பாங்களா?

ரேடாருக்கு முகம் தெரியாது, சன்னலுக்குள்ளும் பார்க்காது. ஆனால் சாலையில் போகும் வாகனங்களைத் தொடரக்கூடிய ரேடார்கள் உண்டு. அதே பலூனில் கேமராவும் பொருத்தலாம். 2013ல் ஜேலென்ஸில் கேமரா வைத்துச் சோதித்தார்கள். மேரிலாந்தில் ஏற்றியபோது கேமரா இல்லை என்று ராணுவம் உறுதி சொல்ல வேண்டி வந்தது. கேட்டவர்களின் பயம் நியாயமானது. உள்நாட்டு மக்கள் தலைக்கு மேல் நிற்கும் எந்தப் பலூனிலும் என்ன கருவி இருக்கிறது, பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது என்பது எழுத்தில் பகிரங்கமாக இருக்க வேண்டும்.

16. ஜேலென்ஸ் தோத்துப்போச்சு, ஸ்கை ட்யூ அடி வாங்குச்சு. அப்புறமும் ஏன் வாங்குறாங்க?

ஏவுகணைகளும் ட்ரோன்களும் இன்னும் தாழப் பறந்துதான் வருகின்றன, இரண்டாம் கேள்வியின் கணக்கும் மாறவில்லை. உக்ரைன் போரைப் பக்கத்திலிருந்து பார்க்கும் போலந்து, 2024 மே மாதம் நான்கு ஏரோஸ்டாட்களுக்கு அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டது. திட்டத்துக்கு ‘பார்பரா’ என்று பெயர், மதிப்பு சுமார் 96 கோடி டாலர். இந்தியா இஸ்ரேலியப் பலூன் ரேடார்களை வாங்கியதோடு, ஆக்ராவில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் ‘ஆகாஷ்தீப்’ என்ற நடுத்தர ஏரோஸ்டாட்டையும் உருவாக்கிச் சோதித்தது. அமெரிக்கத் தென் எல்லையின் டார்ஸ் பலூன்கள் 1980களிலிருந்து, முக்கியமாகக் கடத்தல் விமானங்களைப் பிடிக்க, நின்றுகொண்டிருக்கின்றன. 2013ல் விமானப்படையிடமிருந்து எல்லைக் காவல் துறைக்குக் கை மாறின.

போலந்தின் முடிவு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அதன் வெற்றி பலூனில் இல்லை. நான்கில் ஒன்று வானிலையால் இறங்கும்போது அதன் இடத்தை எந்த ரேடார் நிரப்பும், தளத்தை யார் காப்பார், தகவல் சுடும் தளத்துக்கு எத்தனை விநாடியில் போகும், துடுப்பின் காற்றழுத்தத்தைத் தினமும் யார் சரிபார்ப்பார் என்பதற்கெல்லாம் அவர்கள் முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும்.